கடைமடை வீட்டுக்கும் செய்தி சேர: கேபிள் வகைகளும் அவற்றின் உபயோகமும்

பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் பள்ளத்தாக்கிற்கு வந்து, பேரணையில் பிரிந்து, பிரதானக் கால்வாய் வழியே மேலூர்ப் பகுதி வரையில் செல்வதை மதுரை ஜில்லா விவசாயிகள் அனைவரும் அறிவர். தலைமடையில் நீர் நிறைந்து ஓடினால் மட்டும் போதாது; கடைமடை வயலுக்கு அது வந்து சேர வேண்டும். வாய்க்கால் குறுகலாக இருந்தாலும், கரை கசிந்தாலும், மடைகள் கணக்கின்றிப் பிரிக்கப்பட்டாலும் கடைசி வயல் காய்ந்து போகிறது. அணையில் நீர் இருந்து என்ன பயன்?

இதே நிலைமையைத்தான் இன்று நம் கிராமங்களில் தொலைக்காட்சி, இன்டர்நெட், கண்காணிப்புக் காமிரா ஆகியவற்றின் விஷயத்திலும் காண்கிறோம். ஊருக்குள் வசதி வந்துவிட்டது; ஆயினும் கடைசித் தெருவில் படம் உறைந்து நிற்கிறது. காமிராவில் முகம் தெரிவதில்லை. மழை பெய்தால் எல்லாமே நின்றுவிடுகின்றன. குறை பெரும்பாலும் பெரிய இயந்திரத்தில் இல்லை. அதிலிருந்து வீட்டுக்கு வரும் நூறு மீட்டர் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பியைப் பற்றிய சில அடிப்படை விஷயங்களைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தெரிந்துகொண்டால், பொதுப் பணம் வீணாகாமல் காக்கலாம். சில வேளைகளில் உயிரையும் காக்கலாம். ஆதலின் இக்கட்டுரையில் கோயாக்ஸியல் கேபிளின் அமைப்பு, வகைகள், அவற்றை உபயோகிக்கும் முறை ஆகியவற்றை வரிசையாகக் கவனிப்போம்.

கேபிளின் அமைப்பு

கேபிள் டி.வி.க்காக நம் வீடுகளுக்கு வரும் கறுப்பு அல்லது வெள்ளை நிற வயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நான்கு பாகங்கள் தெரியும். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெண்மையான பிளாஸ்டிக் அல்லது நுரை போன்ற உறை. அதற்கு மேல் அலுமினியத் தகடும், மெல்லிய கம்பிகளாலான பின்னலும். எல்லாவற்றுக்கும் மேலே வெளியுறை. நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் மையம் ஒன்றே. அதாவது இரண்டும் ஒரே அச்சைக் கொண்டவை. இதனால்தான் இதற்குக் கோயாக்ஸியல், அதாவது ஓரச்சுக் கேபிள் என்று பெயர் வந்தது.

செய்தியைத் தாங்கிய மின் அலை, நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையிலுள்ள உறைப்பகுதியின் ஊடே செல்கிறது. பின்னல் அதற்கு வேலியாக அமைகிறது. உள்ளே செல்லும் அலை வெளியே கசிவதில்லை. பக்கத்து மோட்டார், வெல்டிங் இயந்திரம், மின்கம்பி ஆகியவற்றின் இரைச்சல் உள்ளே புகுவதுமில்லை. வேலி செம்மையாக இருக்கும் வரையில்தான் பயிருக்குப் பாதுகாப்பு. பின்னல் அடர்த்தியின்றி இருந்தாலும், இணைப்பில் ஒழுங்காகப் பற்றாமல் இருந்தாலும் இரைச்சல் உள்ளே நுழைந்துவிடும்.

இவ்வமைப்புக்கு இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு என்பவர் 1880-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் லாய்டு எஸ்பன்ஷீட், ஹெர்மன் ஆஃபெல் ஆகிய இருவரும் 1929-இல் இதை நெடுந்தொலைவுச் செய்திப் போக்குவரத்துக்கு ஏற்றவாறு வகுத்தனர். 1936-இல் நியூயார்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையே இத்தகைய கேபிள் பரீட்சார்த்தமாகப் போடப்பட்டது. நம் கடற்கரையிலும் இதற்கு இடமிருந்தது. 1981-இல் சென்னையையும் மலேசியாவின் பினாங்கையும் இணைத்த கடலடிக் கேபிள் இவ்வகையைச் சேர்ந்ததே. பின்னர் நெடுந்தொலைவு வேலையைக் கண்ணாடி இழைக் கேபிள் ஏற்றுக்கொண்டது. ஆயினும் தெருவிலும் வீட்டிலும் ஓரச்சுக் கேபிள் இன்னும் உழைத்து வருகிறது.

மதுரைச் சமவெளியில் கேபிள் வந்த வரலாறு

ஒரு காலத்தில் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால், கூரை மேல் உயரமான குழாயை நட்டு, அதன் உச்சியில் ஏரியலைக் கட்டி, மேற்கே கொடைக்கானல் மலையை நோக்கித் திருப்ப வேண்டும். மலைமேல் இருந்த தூர்தர்ஷன் ஒலி-ஒளி பரப்பு நிலையத்தின் அலைகளை அது வாங்கும். ஏரியலிலிருந்து பெட்டி வரையில் இரட்டைக் கம்பி கொண்ட தட்டையான வயரை இழுப்பது அந்நாள் வழக்கம். அதற்குப் பின்னல் என்ற வேலி கிடையாது. காற்றில் ஆடினாலும், மழையில் நனைந்தாலும், தகரக் கூரையைத் தொட்டாலும் படம் கெட்டுவிடும். ஓரச்சுக் கேபிளின் அருமை அதை உபயோகித்தவர்களுக்கு நன்கு விளங்கும்.

1990-களில் செயற்கைக் கோள் அலைவரிசைகள் பெருகியபோது கேபிள் டி.வி. ஊர்தோறும் பரவிற்று. 2007-இல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. கழகம் நிறுவப்பட்டது. 2011-இல் அது புத்துயிர் பெற்று, மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் சேவையை ஆரம்பித்தது. பெரிய நிலையத்திலிருந்து உள்ளூர் ஆபரேட்டர் வரையில் கண்ணாடி இழையும், அங்கிருந்து வீடுகளுக்கு ஓரச்சுக் கேபிளும் என்ற ஏற்பாடு பல ஊர்களில் நிலைத்தது.

கம்ப்யூட்டர்ச் செய்தி விஷயத்திலும் நம் ஜில்லாவுக்குத் தனி வரலாறு உண்டு. 2001-ஆம் ஆண்டு மேலூர்ப் பகுதிக் கிராமங்களில் ‘சாரி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், என்-லாக் ஸ்தாபனம் ஆகியவை அதில் பங்கு கொண்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையால் கிராம மையங்களுக்கு இன்டர்நெட் அளிக்கப்பட்டது. அதன் வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் மட்டுமே. ஆனாலும் மின்னஞ்சல் அனுப்பவும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், கண் நோயாளியின் படத்தை மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி யோசனை கேட்கவும் அது உதவிற்று.

அந்த மையங்களில் பெரும்பாலானவை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வருமானம் போதாமையும், பழுது வந்தபோது தொடர்ந்து உதவி கிடைக்காமையும் அதற்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. முன்பே கம்ப்யூட்டர்ப் பயிற்சி பெற்றிருந்தவர்கள் நடத்திய மையங்கள் மற்றவற்றைவிட நீண்ட காலம் நிலைத்தன. இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாதெனில், சாதனத்தைக் கொண்டுவருவது பாதி வேலை. அதை அறிந்து பராமரிக்க ஊரிலேயே ஆள் இருப்பது மறு பாதி வேலை.

இப்போது பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. தலைமடை வரையில் நீர் வரும் ஏற்பாடு இது. அங்கிருந்து பள்ளி, சுகாதார நிலையம், நூலகம், வீடுகள் ஆகியவற்றுக்கு எந்தக் கம்பியை எப்படி இழுப்பது என்பதை ஊரார்தான் தீர்மானிக்க வேண்டும்.

75 ஓம், 50 ஓம்

ஓரச்சுக் கேபிள்களில் இரண்டு குலங்கள் உள்ளன என்று கூறலாம். ஒன்று 75 ஓம். மற்றொன்று 50 ஓம். இந்த எண்ணுக்கு மின்மறிப்பு என்று பெயர். நடுக்கம்பியின் பருமன், பின்னலின் விட்டம், இடையிலுள்ள உறையின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து இது அமைகிறது. சாதாரண மீட்டரை வைத்து அளந்தால் இந்த எண் வராது. கேபிளின் மேலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

75 ஓம் கேபிளில் வழிச் சேதாரம் குறைவு. ஆகவே தொலைக்காட்சிக்கும் காமிராவுக்கும் அது ஏற்றது. 50 ஓம் கேபிள் சேதாரத்துக்கும், தாங்கும் சக்திக்கும் இடைப்பட்ட சமரசமாக அமைந்தது. ஆகவே வயர்லெஸ் கருவிகளுக்கும், ஒலிபரப்பு ஏரியல்களுக்கும், பழைய கம்ப்யூட்டர் வலையமைப்புக்கும் அதை எடுத்துக்கொண்டனர்.

இரு குலங்களையும் கலக்கக் கூடாது. அகன்ற வாய்க்காலைத் திடீரென்று குறுகிய குழாயில் சேர்த்தால் நீரின் ஒரு பகுதி முட்டித் திரும்புவதைக் காண்கிறோம். அதேபோல் 75 ஓம் கேபிளுடன் 50 ஓம் கேபிளை ஒட்டுப் போட்டால் அலையின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பி, பின்னால் வரும் அலையுடன் மோதும். ‘இரண்டும் கறுப்பு வயர்தானே’ என்று எண்ணி ஒட்டுப் போடுவது நஷ்டத்துக்கு வழியாகும்.

முக்கியமான வகைகள்

கேபிளின் மேலுறையில் ‘ஆர்.ஜி.’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் காணப்படும். எண் பெரியதாக இருந்தால் கேபிள் பெரியது என்று கொள்ளலாகாது. 59-ஆம் எண் மெல்லியது. 6-ஆம் எண் அதைவிடப் பருமனானது. 11-ஆம் எண் எல்லாவற்றிலும் பருமனானது. இவை மூன்றும் 75 ஓம் குலத்தைச் சேர்ந்தவை.

1. ஆர்.ஜி. 59: வெளி விட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். வளைப்பதற்கு எளிது, விலை குறைவு. உயர்ந்த அலைவரிசைகளில் சேதாரம் அதிகம். பழைய ரகக் கண்காணிப்புக் காமிராக்களுக்கு, 200 மீட்டருக்கு மேற்படாத தூரத்தில் இது போதுமானது. கேபிள் டி.வி.க்கு நெடுந்தூரம் இதை இழுப்பது தவறு.

2. ஆர்.ஜி. 6: வெளி விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்; நடுக்கம்பி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். கம்பத்திலிருந்து வீட்டுக்கும், டிஷ் ஏரியலிலிருந்து பெட்டிக்கும் இதுவே உரியது. இன்று வீடுகளில் பெரும்பாலும் வழங்குவது இவ்வகையே.

3. ஆர்.ஜி. 11: வெளி விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்; நடுக்கம்பி ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர். தெருவின் நெடுகிலும் செல்லும் பிரதான வழிக்கு ஏற்றது. விலை அதிகம், எளிதில் வளையாது. ஆகவே வீட்டுக்குள் இதைக் கொண்டு செல்வதில்லை.

4. ஆர்.ஜி. 58: இது 50 ஓம் குலம். விட்டம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். வயர்லெஸ் கருவிக்கும் ஏரியலுக்கும் இடையே சிறு தூரத்துக்கு உபயோகிப்பர். கார்டெக்ட் போன்ற முறைகள் இயங்கிய 1,900 மெகாஹெர்ட்ஸ் அளவில், இக்கேபிளின் 10 மீட்டர் நீளத்திலேயே சக்தியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். கம்பியில்லாக் கருவியை ஏரியலுக்கு வெகு அருகில் வைப்பதன் காரணம் இதுவே.

ஒரு தெருவின் கணக்கு

கேபிளில் செல்லும் அலை வழியில் தேய்வதை டெசிபெல் என்ற அளவால் கணக்கிடுவர். 3 டெசிபெல் போனால் சக்தி பாதியாகும். 10 டெசிபெல் போனால் பத்தில் ஒரு பங்காகும். 20 டெசிபெல் போனால் நூறில் ஒரு பங்காகும். இவ்வளவு அறிந்தால் போதும்.

100 மீட்டர் நீளமுள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். 750 மெகாஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த அலைவரிசையில், 100 மீட்டருக்கு ஆர்.ஜி. 59-இல் சுமார் 23 டெசிபெல் தேய்கிறது. அதாவது 200 பங்கு அனுப்பினால் ஒரு பங்கு வந்து சேரும். ஆர்.ஜி. 6-இல் சுமார் 18½ டெசிபெல். 70 பங்கில் ஒன்று சேரும். ஆர்.ஜி. 11-இல் சுமார் 12 டெசிபெல். 16 பங்கில் ஒன்று சேரும். ஆனால் 55 மெகாஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசையில் ஆர்.ஜி. 59-இலும் ஐந்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்துவிடும். கடைசி வீட்டில் சில சானல்கள் நன்றாகவும், சில சானல்கள் உறைந்தும் காணப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி அதே தெருவில் முதல் 80 மீட்டருக்கு ஆர்.ஜி. 11-ஐயும், கடைசி 20 மீட்டருக்கு ஆர்.ஜி. 6-ஐயும் இழுத்ததாகக் கொள்வோம். மொத்தச் சேதாரம் சுமார் 13 டெசிபெல்தான். முழுவதும் ஆர்.ஜி. 59 இழுத்திருந்தால் கடைசி வீட்டுக்குக் கிடைத்திருக்கும் சக்தியைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல் கிடைக்கும். பிரதான வாய்க்கால் அகலமாகவும், வயலுக்குச் செல்லும் கிளை சிறியதாகவும் இருப்பதுதானே முறை?

மடை பிரித்தல்

ஓர் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் சுமார் 3½ டெசிபெல் குறைகிறது. நான்காகப் பிரித்தால் 7 டெசிபெல் குறைகிறது. ஒரு ஸ்பிளிட்டரின் பின் மற்றொன்று, அதன் பின் இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. உபயோகிக்காத கிளையைத் திறந்து விடாமல், 75 ஓம் மூடி போட்டு அடைக்க வேண்டும். திறந்த வாயில் முட்டும் அலை திரும்பி வந்து மற்றக் கிளைகளையும் கெடுக்கும்.

‘படம் சரியில்லை, ஒரு பூஸ்டர் வைத்துவிடுவோம்’ என்பது வழக்கமான யோசனை. பூஸ்டர் அலையை மட்டும் பெருக்குவதில்லை. அதனுடன் கலந்த இரைச்சலையும் பெருக்குகிறது. சேறு கலந்த நீரைப் பம்பு வைத்து இறைத்தால் சேறும் சேர்ந்துதானே வரும்? ஆகவே அலை தெளிவாக இருக்கும் இடத்திலேயே, அதாவது வழியின் முற்பகுதியிலேயே பூஸ்டரை வைக்க வேண்டும். முன்னாளில் அலை குறைந்தால் திரையில் புள்ளிகள் தோன்றி முன்னெச்சரிக்கை கிடைத்தது. இன்றைய டிஜிட்டல் முறையில் ஓர் எல்லை வரையில் படம் நன்றாக இருந்து, பின் திடீரென்று உறைந்துவிடும். ஆகவே கண்ணால் பார்த்துத் திருப்தி அடையாமல், ஆபரேட்டரை மீட்டரால் அளந்து காட்டச் சொல்வது நலம்.

கம்ப்யூட்டர் வலையமைப்பு

பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் பல கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைப்பதற்கும் முற்காலத்தில் ஓரச்சுக் கேபிளையே உபயோகித்தனர். ஈதர்நெட் என்ற இம்முறையை அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகியோர் 1973-இல் தொடங்கினர். முதலில் 500 மீட்டர் வரை செல்லும் தடித்த கேபிளும், பிறகு 185 மீட்டர் வரை செல்லும் மெல்லிய கேபிளும் வழக்கத்துக்கு வந்தன. மெல்லிய கேபிள், நாம் மேலே கண்ட ஆர்.ஜி. 58 வகையைச் சேர்ந்தது. ஒரே கேபிளில் 30 இயந்திரங்கள் வரை இணைக்கலாம். இரு முனைகளிலும் 50 ஓம் மூடி போட வேண்டும். வேகம் வினாடிக்கு 10 மெகாபிட்.

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. ஓர் இடத்தில் இணைப்பு கழன்றால் வழி முழுவதும் நின்றுவிடும். ஒருவர் நாற்காலியை நகர்த்தி வயரை இழுத்துவிட்டால் அறையிலுள்ள அனைவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகவே, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனி வயர் செல்லும் முறுக்கு ஜோடிக் கேபிள் முறை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று ‘கேட் 6’ என்று கடைகளில் வழங்கும் நீல நிற அல்லது சாம்பல் நிற வயர் இவ்வகையினதே. 100 மீட்டர் வரையில் வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்தை அது தரும்.

ஆகவே நாம் கூறும் யோசனை இது. புதிய கட்டடத்தில் கம்ப்யூட்டர் வலையமைப்புக்கு ஓரச்சுக் கேபிள் போட வேண்டியதில்லை. 100 மீட்டருக்கு உட்பட்டால் கேட் 6. அதற்கு மேற்பட்டால் கண்ணாடி இழை. பள்ளிக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் இடையே 300 மீட்டர் இருந்தால் கண்ணாடி இழையே சரி. அதில் மின்சாரம் பாயாது. இடி மின்னலால் வரும் சேதமும் குறைவு.

எனினும் ஊரில் ஏற்கெனவே இழுத்துள்ள நல்ல ஆர்.ஜி. 6, ஆர்.ஜி. 11 கேபிள்களை அறுத்தெறிவது அறிவுடைமை ஆகாது. நிலையத்தில் அதற்குரிய கருவியும், இருவழிப் பூஸ்டர்களும் இருக்குமாயின், கேபிள் மோடம் மூலம் அதே கம்பியில் தொலைக்காட்சியுடன் இன்டர்நெட்டையும் அனுப்ப முடியும். இதற்கான டாக்சிஸ் என்ற பொது விதிமுறை 1997-இல் வெளியாயிற்று. உலகின் பல நாடுகளில் இம்முறை இன்றும் இயங்கி வருகிறது. பழையது என்பதாலேயே ஒன்றைத் தள்ளவும் வேண்டாம். இருக்கிறது என்பதாலேயே அதைப் பொருந்தா வேலையில் பூட்டவும் வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அ) ‘கேபிள் ஒரு கட்டு’ என்று எழுதி விலைப்புள்ளி கேட்கலாகாது. வகை, ஓம், நடுக்கம்பியின் உலோகமும் விட்டமும், பின்னலின் அடர்த்தி, மொத்த மீட்டர் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும்.

ஆ) நடுக்கம்பியருகே ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டினால், அது தாமிர முலாம் பூசிய எஃகு. ஒட்டாவிட்டால் முழுத் தாமிரமாகவோ, தாமிரம் பூசிய அலுமினியமாகவோ இருக்கலாம்; கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெண்மை தெரிகிறதா என்பது விளங்கும். உயர்ந்த அலைவரிசைகள் கம்பியின் மேற்பரப்பிலேயே செல்வதால், தொலைக்காட்சிக்கு முலாம் பூசிய எஃகே போதும். ஆனால் பழைய ரகக் காமிராவுக்கும், கேபிளின் வழியாகவே மின்சாரம் ஊட்டும் பூஸ்டருக்கும் முழுத் தாமிரமே வேண்டும். முழுத் தாமிரத்துக்கு விலை கொடுத்துவிட்டு எஃகைப் பெற்று வருவது ஊர்ப் பணத்துக்கு நஷ்டம்.

இ) நல்ல கேபிளின் மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். இரு முனைகளின் எண்களையும் கழித்துப் பார்த்து நீளத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஈ) வெளியில் இழுப்பதற்கு வெயிலைத் தாங்கும் கறுப்புப் பாலிதீன் உறையே ஏற்றது. மதுரை வெயிலில் சாதாரண வெள்ளை உறை சில ஆண்டுகளில் வெடித்துவிடும். மண்ணில் புதைப்பதற்கு, நீர் புகாதவாறு உள்ளே பசை நிரப்பிய கேபிள் தனியே உண்டு.

இழுக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேபிளின் பகை நீர். இணைப்பின் வழியே புகும் நீர் பின்னலை அரித்து, மெல்ல மெல்லக் கேபிள் முழுவதையும் கெடுக்கும். ஆகவே வெளி இணைப்புகளை அழுத்திப் பொருத்தும் கனெக்டரால் அமைத்து, மேலே நீர் புகா நாடா சுற்ற வேண்டும். வீட்டினுள் நுழையுமுன் கேபிளைச் சிறிது தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழை நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிளின் விட்டத்தைப் போல் பத்து மடங்குக்குக் குறையாத ஆரத்தில்தான் வளைக்க வேண்டும். ஆர்.ஜி. 6-க்கு இது 7 சென்டிமீட்டர். நெருக்கி மடித்தால் உள்ளுறை நசுங்கி, அந்த இடத்தில் ஓம் மாறிவிடும். அணிலும் எலியும் கடிக்கும் இடங்களில் குழாயினுள் செலுத்துவது நலம்.

உயிருக்கு ஆபத்தான ஒரு விஷயத்தை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். கேபிளின் பின்னல் ஓர் உலோகம். கேபிளின் உறை தேய்ந்து, எங்கோ ஓரிடத்தில் அப்பின்னல் மின்கம்பியைத் தொட்டால், அதனுடன் இணைந்த வீடுகள் அனைத்திலும் பெட்டியின் உலோகப் பாகங்களுக்கு மின்சாரம் வந்துவிடும். கம்பத்தில் தொட்டது ஒரு தெருவில். அடி விழுவது வேறொரு தெருவில். ஆகவே:

மின்வாரியத்தின் அனுமதியின்றி மின்கம்பங்களில் கேபிளைக் கட்டக் கூடாது. மின்கம்பிகளின் மேலோ, அவற்றை ஒட்டியோ இழுக்கக் கூடாது. கட்டடத்தில் நுழையும் இடத்தில் பின்னலை முறையாகப் பூமியுடன் இணைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கேபிளை யாரும் கையால் தொடக் கூடாது. மின்வாரியத்துக்கும் ஆபரேட்டருக்கும் தெரிவிக்க வேண்டும். உபயோகமற்ற கேபிளில் துணி உலர்த்தும் வழக்கத்தை அறவே விட வேண்டும். இடி மின்னல் வேளையில் பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்ற வேண்டுமென்று எண்ணுவோர், மின்னல் தொடங்குமுன் கழற்ற வேண்டும். மின்னிக்கொண்டிருக்கும்போது அதைத் தொடலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்குப் படம் வைத்திருப்பது போல், ஊரில் செல்லும் கேபிள்களுக்கும் ஒரு படம் வரைந்து அலுவலகத்தில் வைக்க வேண்டும். எந்தத் தெருவில் எந்த வகை, எந்த ஆண்டில் போட்டது, ஸ்பிளிட்டரும் பூஸ்டரும் எங்கே உள்ளன, கண்ணாடி இழை எந்த ஓரத்தில் புதைந்துள்ளது என்பன அதில் இருக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்காகப் பொக்லைன் வைத்துத் தோண்டும்போது ஒரு நொடியில் கண்ணாடி இழை அறுந்து, ஊர் முழுவதும் தொடர்பற்றுப் போவதுண்டு. இதைத் தடுப்பதற்கென்றே மத்திய சர்க்கார் 2023 மார்ச் மாதத்தில் ‘கால் பிஃபோர் யு டிக்’ என்னும் செல்பேசிச் செயலியைத் தொடங்கிற்று. தோண்டுமுன் கேளுங்கள் என்பது அப்பெயரின் கருத்து. தோண்டும் இடத்தை அதில் முன்கூட்டியே தெரிவித்தால், அங்கே கேபிள் புதைத்துள்ள ஸ்தாபனங்களுக்குச் செய்தி செல்லும். ஊரில் தோண்டும் ஒவ்வொரு கான்டிராக்டரும் இதை உபயோகிக்குமாறு பஞ்சாயத்து வற்புறுத்த வேண்டும்.

அத்துடன், ஊரிலுள்ள இளைஞர்களில், தொழிற்பயிற்சி பெற்ற ஆணோ பெண்ணோ, இருவரையேனும் இவ்வேலையில் பழக்க வேண்டும். கனெக்டர் பொருத்தவும், மீட்டரில் டெசிபெல் பார்க்கவும், பழுது எந்தக் கம்பத்தில் என்று கண்டறியவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தால், சிறு பழுதுக்காக நகரிலிருந்து ஆள் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. மேலூரில் 2001-இல் தொடங்கிய முயற்சி நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே.

மடை திறப்பவர் ஒவ்வொரு வயலின் தேவையையும் அறிந்து நீரைப் பிரித்துவிடுகிறார். அந்த அறிவு நம் விவசாயிகளுக்குப் புதிதன்று. கண்ணுக்குத் தெரியாத இந்த அலைகளுக்கும் அதே அறிவுதான் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு முன் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒரு நாள் தெருத்தெருவாக நடந்து, கம்பங்களை நிமிர்ந்து பார்த்து, எந்தக் கேபிள் எங்கே தொங்குகிறது, எது மின்கம்பியை உரசுகிறது, எந்த வீட்டில் படம் வருவதில்லை என்று குறித்துக்கொண்டு வருவார்களாக. கடைசித் தெருவின் கடைசி வீட்டிலிருந்து அந்த நடையைத் தொடங்குவது நலம்.